ஊரின் வயதைப் பார்த்துப் பங்கு வாங்குவது எப்படி? டெல்டா வாசகர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

திருக்கடையூர் அமிர்தகடேசுவரர் கோயிலுக்குக் காலை நேரத்தில் போனால், மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருக்கும் முதிய தம்பதிகளைப் பிரகாரம் முழுவதும் பார்க்கலாம். அறுபதுக்கு மணிவிழா, எழுபதுக்குப் பீமரத சாந்தி, எண்பதுக்குச் சதாபிஷேகம். கோயிலைச் சுற்றியுள்ள விடுதிகள், சமையல் குழுக்கள், பூக்கடைகள், புகைப்படக்காரர்கள், வாடகைக் கார்கள் எல்லாம் ஒரே கணக்கை நம்பி நடக்கின்றன: இந்த ஆண்டு எத்தனை பேர் அறுபதைத் தொடுகிறார்கள்? அதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. அவர்கள் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே பிறந்துவிட்டார்கள்.

பங்குச் சந்தையில் மற்றதெல்லாம் ஊகம்தான். வட்டி விகிதம், கச்சா எண்ணெய் விலை, தேர்தல் முடிவு எதையும் ஐந்தாண்டுக்கு முன்னால் சொல்ல முடியாது. பத்தாண்டு கழித்து நாட்டில் எத்தனை முதியவர்கள் இருப்பார்கள் என்பதை மட்டும் ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். இந்த ஒரு தகவலைப் புதியவர்கள் எப்படிப் பயன்படுத்தலாம், எங்கே அதை நம்பக் கூடாது என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன். நான் செபியில் (பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பு) பதிவு பெற்ற ஆலோசகர் அல்லன். கீழே வரும் நிறுவனப் பெயர்கள் விளக்கத்துக்கு மட்டுமே. வாங்குங்கள் என்றோ விற்றுவிடுங்கள் என்றோ பொருள் கொள்ள வேண்டாம்.

படி 1: கருத்தையும் அதன் எல்லையையும் தெரிந்துகொள்ளுங்கள்

மனிதர்கள் எந்த வயதில் எதற்குச் செலவழிக்கிறார்கள் என்பது பெரிதாக மாறுவதில்லை. இருபதுகளில் பைக், கைபேசி, திருமணம், முப்பதுகளில் மனை, வீட்டுக்கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஐம்பதுகளில் சேமிப்பு, அறுபதுக்கு மேல் மருந்து, கண், முழங்கால். ஒரு தலைமுறை எண்ணிக்கையில் பெரிதாக இருந்தால், அது எந்த வயதைக் கடக்கிறதோ அந்த வயதின் பொருள்களுக்குத் தேவை கூடும்.

அமெரிக்காவில் இந்தக் கருத்தைப் பரவலாக்கியவர் ஹாரி டென்ட் என்ற எழுத்தாளர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, 1946 முதல் 1964 வரை அங்கே பிறந்த பெரிய தலைமுறை தன் நாற்பதுகளின் பிற்பகுதியில் மிக அதிகமாகச் செலவழிக்கும், அப்போது சந்தை ஏறும் என்றார். தொண்ணூறுகளில் சந்தை ஏறத்தான் செய்தது. அந்த நம்பிக்கையில், 2000-களின் இறுதியில் அமெரிக்கப் பங்குச் சந்தையின் டௌ ஜோன்ஸ் குறியீடு 40,000-ஐத் தொடும் என்றும் கணித்தார். 2009 முடிந்தபோது அது 10,400-ஐ ஒட்டி நின்றது. அவருடைய முறையை வைத்து 2009-ல் தொடங்கிய நிதியம் ஒன்று 2012-ல் மூடப்பட்டது.

ஜப்பானையும் பாருங்கள். நிக்கெய் குறியீடு 1989 டிசம்பரில் 38,915 என்ற உச்சத்தைத் தொட்டுச் சரிந்தது. அப்போது அந்நாட்டில் உழைக்கும் வயதினரின் எண்ணிக்கை இன்னும் கூடிக்கொண்டுதான் இருந்தது. அது 1995-ஐ ஒட்டித்தான் உச்சத்துக்கு வந்தது. அந்த 38,915-ஐச் சந்தை மீண்டும் தாண்டியது 2024 பிப்ரவரியில். அதற்குள் ஜப்பானின் மக்கள் தொகையே பல ஆண்டுகளாகக் குறைந்துவந்தது. ஆள் கூடும்போது விழுந்த சந்தை, ஆள் குறையும்போது எழுந்தது. ஆகவே வயதுக் கணக்கை வைத்துச் சந்தை மொத்தமும் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று சொல்லப் பார்க்காதீர்கள். எந்தத் தொழிலுக்குத் தேவை வளரும் என்று கேட்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

இந்த இரண்டாவது பயன்பாட்டுக்கு ஆய்வு ஆதாரம் உண்டு. ஸ்டெஃபானோ டெல்லாவின்யா, ஜோஷுவா போலெட் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், பொம்மை, பீர், ஆயுள் காப்பீடு, முதியோர் இல்லம் போன்ற அமெரிக்கத் தொழில்களின் பங்கு வருமானத்தை வயது மாற்றங்களோடு ஒப்பிட்டார்கள். அடுத்த சில ஆண்டுகளில் வரப்போகும் தேவையைச் சந்தை முன்பே விலையில் சேர்த்துவிடுகிறது. ஐந்து முதல் பத்து ஆண்டுகள் கழித்து வரும் தேவையைச் சந்தை சரியாகக் கவனிப்பதில்லை என்று கண்டார்கள். புதிய போட்டியாளர் எளிதில் நுழைய முடியாத தொழில்களில் இந்தப் பலன் இன்னும் தெளிவாக இருந்தது. இந்தக் கட்டுரையின் மற்ற படிகளெல்லாம் இந்த இரண்டு முடிவுகளிலிருந்து கிளைத்தவை.

படி 2: டெல்டாவின் வயது வேறு, இந்தியாவின் வயது வேறு

நம் பகுதி முதலீட்டாளர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ இருந்து பார்த்தால் நாடே முதுமையடைந்துவிட்டதாகத் தோன்றும். தெருவில் பாதி வீடுகளில் வயதானவர்கள் மட்டும். பிள்ளைகள் சென்னை, கோவை, சிங்கப்பூர், வளைகுடா. தஞ்சாவூரில் மருத்துவக் கல்லூரிச் சாலைப் பக்கம் போனால் ஆய்வுக்கூடங்களும் மருந்துக் கடைகளும். திருவாரூர் பக்கம் நடவுக்கு ஆள் கிடைக்காமல் பீகார், மேற்கு வங்கத்திலிருந்து வரும் தொழிலாளர்கள் நாற்று நடுகிறார்கள்.

அவர்களில் பீகார்க்காரர்களின் ஊரில் நிலைமை நேர் எதிர். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி ஒரு பெண்ணுக்குச் சராசரியாகத் தமிழ்நாட்டில் 1.8 குழந்தைகள், பீகாரில் 3.0. மக்கள் தொகை மாறாமல் நிலைத்திருக்கத் தேவையான அளவு 2.1. மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு வெளியிட்ட கணிப்பில், 2021-ல் அறுபது வயதைக் கடந்தவர்கள் தமிழ்நாட்டில் 13.6 சதவீதம், பீகாரில் 7.7 சதவீதம். 2031-ல் தமிழ்நாட்டில் அது 18.2 சதவீதமாகும்.

இதன் பயன் என்ன? நீங்கள் வாங்கப்போகும் நிறுவனம் எங்கே விற்கிறது என்று முதலில் பாருங்கள். வட மாநிலங்களில் பெரும்பகுதி விற்பனை உள்ள ஒரு பைக் நிறுவனத்தை, மன்னார்குடித் தெருவைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். தென் மாநிலங்களில் மட்டும் கிளைகள் உள்ள மருத்துவமனைக் குழுமத்துக்கு அகில இந்திய முதியோர் சதவீதத்தைப் போட்டுக் கணக்குப் பார்ப்பதும் பிழையான விடையைத்தான் தரும். நிறுவனத்தின் ஆண்டறிக்கையில் வருவாய் எந்த மாநிலங்களிலிருந்து வருகிறது என்ற விவரம் இருந்தால், அந்தப் பக்கத்தை மட்டும் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நமக்கு இதில் ஓர் அனுகூலமும் இருக்கிறது. வயதுக் கணக்கில் நாம் நாட்டின் பெரும்பகுதிக்கு முன்னால் போய்க்கொண்டிருக்கிறோம். இன்று இங்கே இன்றியமையாததாகிவிட்ட சேவை நாளை வேறு மாநிலங்களுக்கும் தேவைப்படலாம். ஆகவே உங்கள் ஊரில் பத்தாண்டுக்கு முன் இல்லாத, இன்று மூன்று கிளைகளாகப் பெருகிய கடை எது என்று கவனியுங்கள். கண் மருத்துவமனையா, இரத்தப் பரிசோதனை நிலையமா, காதுக் கருவி விற்பவரா? நீங்கள் ஆராயப்போகும் நிறுவனங்களின் பட்டியல் அங்கிருந்து தொடங்கட்டும்.

படி 3: ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று கணக்குப் போடுங்கள்

‘முதியோர் எண்ணிக்கை வேகமாகப் பெருகுகிறது’ என்ற வாக்கியத்தைக் கேட்டதும் பலர் பங்கு வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். எவ்வளவு வேகம்? அதே அரசுக் கணிப்பின்படி இந்தியாவில் அறுபதைக் கடந்தவர்கள் 2021-ல் 13.8 கோடி, 2031-ல் 19.4 கோடி. பத்தாண்டில் நாற்பது சதவீத வளர்ச்சி. ஆண்டுக்கணக்கில் மாற்றினால் ஏறத்தாழ 3.5 சதவீதம்.

வயது மட்டும் தரும் வளர்ச்சி அவ்வளவுதான். ஒரு மருத்துவமனைப் பங்கின் விலை, அதன் லாபம் ஆண்டுக்கு 25 சதவீதம் வளரும் என்ற எதிர்பார்ப்பில் நிற்கிறது என்றால், மீதி 21 சதவீதத்துக்கு மேல் வேறு வழியில் வந்தாக வேண்டும்: புதிய கிளை, கட்டண உயர்வு, காப்பீடு எடுப்போர் பெருகுவது. அவற்றைத் தனித்தனியே ஆராயாமல் ‘முதியோர் கதை’ ஒன்றை மட்டும் நம்பி வாங்கக் கூடாது.

குழந்தைகள் பக்கம் கணக்கு வேறு மாதிரி. ஐ.நா. மதிப்பீடுகளின்படி இந்தியாவில் ஆண்டுதோறும் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உச்சத்தைத் தொட்டு இறங்கியது. இன்று சுமார் 2.3 கோடி. எண்ணிக்கை குறைந்தாலும், ஒற்றைப் பிள்ளைக்கு வீட்டார் செய்யும் செலவு கூடுகிறது. எனவே குழந்தைப் பொருள்களை அப்படியே புறந்தள்ள முடியாது. தலை எண்ணிக்கையோடு தலைக்கு ஆகும் செலவையும் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஜப்பானில் அந்தப் பெருக்கலும் கைகொடுக்காத நிலை வந்தது. ஓஜி என்ற நிறுவனம் அந்நாட்டில் குழந்தைகளுக்கான டயப்பர் தயாரிப்பை நிறுத்திவிட்டு முதியோர் டயப்பரில் கவனம் செலுத்தப்போவதாக 2024-ல் அறிவித்தது.

2000-ஐ ஒட்டிப் பிறந்த அந்தப் பெரிய தலைமுறை இன்று இருபதுகளின் நடுவில் இருக்கிறது. 2035-ஐ ஒட்டி முப்பத்தைந்தைத் தொடும். வீட்டுக்கடன், மரச்சாமான், ஆயுள் காப்பீடு என்று யோசித்துப் பாருங்கள். டெல்லாவின்யா, போலெட் குறித்த ஐந்து முதல் பத்து ஆண்டு இடைவெளிக்குள் அது வருகிறது. முதியோர் பங்குகளைப் பற்றிப் பேசாதவர்கள் இல்லை. இந்த இளைய கூட்டத்தின் முப்பதுகளைப் பற்றி அவ்வளவு பேச்சு இல்லை. என் கவனம் அங்கேதான் அதிகம்.

படி 4: கையில் காசு இருக்கிறதா என்று பாருங்கள்

வயது தேவையைத்தான் சொல்லும், வாங்கும் சக்தியைச் சொல்லாது. மயிலாடுதுறையில் ஓய்வு பெற்ற தலைமையாசிரியருக்கும் அதே தெருக்கோடியில் இருக்கும் விவசாயத் தொழிலாளிக்கும் எழுபது வயதுதான். ஒருவருக்கு அரசு ஓய்வூதியமும் மகன் அனுப்பும் பணமும் வருகின்றன. மற்றவருக்கு 2023-ல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்ட முதியோர் உதவித்தொகை. முழங்கால் வலி இருவருக்கும் உண்டு. தனியார் மருத்துவமனையில் மூட்டு மாற்றிக்கொள்ளக் கூடியவர் ஒருவர்தான்.

இதற்கு 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வு உதவும். நாட்டின் கிராமப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 3,773 ரூபாய். தமிழ்நாட்டுக் கிராமப்புறத்தில் 5,310 ரூபாய். இந்த இடைவெளியைப் பார்த்தாலே, இங்கே விற்கும் பொருள் எல்லா மாநிலத்திலும் அதே விலைக்கு விற்காது என்பது விளங்கும்.

படி 5: அலை யாருக்கு வரவு, யாருக்குச் செலவு?

முதுமை என்ற ஒரே மாற்றம் ஒரு நிறுவனத்துக்கு வருமானமாகவும் இன்னொன்றுக்குச் செலவாகவும் வந்து சேரும். மருத்துவமனைக்கு அது நோயாளி. மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்துக்கு அதுவே இழப்பீட்டுக் கோரிக்கை. காப்பீட்டுக்காரர் இளைஞர்களிடம் கட்டணம் வாங்கி முதியவர்களுக்குக் கொடுப்பவர். முதியவர்களே பெருகினால் கட்டணத்தை உயர்த்தியாக வேண்டும், உயர்த்தினால் ஆரோக்கியமானவர்கள் விலகிக்கொள்வார்கள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் நிறுவனம் 2021 டிசம்பரில் முதன்முதலாகப் பொதுமக்களுக்குப் பங்கு ஒன்று 900 ரூபாய்க்கு விற்றது. முதுமையும் மருத்துவக் காப்பீட்டுத் தேவையும் கூடும் என்ற கணிப்பில் பிழையில்லை. ஆனால் 2025-ல் பல மாதங்கள் அந்தப் பங்கு 450 ரூபாய்க்கும் கீழே விற்றது. தேவை வந்தும் பங்குதாரருக்குப் பலன் வராமல் போவதற்கு இரண்டு காரணங்களைத் தேட வேண்டும்: தொடக்க விலையே உயரமாக இருந்ததா, இழப்பீட்டுச் செலவு கட்டண வருவாயைத் தின்றதா? காப்பீட்டு நிறுவனங்களின் காலாண்டு முடிவில், கட்டணத்தில் எத்தனை சதவீதம் இழப்பீடாகப் போகிறது என்ற விகிதம் இருக்கும். லாபத்துக்கு முன் அதைப் படியுங்கள்.

வயலையும் இப்படிப் பார்க்கலாம். இளைஞர்கள் ஊரை விட்டுப் போவதால் நடவு இயந்திரம், பவர் டில்லர், அறுவடை இயந்திரம் ஆகியவற்றுக்குத் தேவை கூடுகிறது. நீண்டகாலப் போக்கில் இது உறுதி. ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆண்டின் விற்பனையை மழையும் அணையும்தான் தீர்மானிக்கின்றன. மேட்டூர் வழக்கமாக ஜூன் 12-ல் திறக்க வேண்டும். 2024-ல் ஜூலை 28-ல்தான் திறந்தார்கள். அப்படிப்பட்ட ஆண்டில் உழவு இயந்திரப் பங்கு இறங்கினால் உங்கள் வயதுக் கணக்கு பொய்த்துவிட்டது என்று பதறி விற்க வேண்டியதில்லை. ஏறினாலும் உங்கள் கணக்குதான் வென்றது என்று எண்ணிவிட வேண்டாம்.

படி 6: விலையை எடை போடுங்கள்

பங்கின் விலையை, பங்கு ஒன்றுக்கான ஆண்டு லாபத்தால் வகுத்தால் வருவது பி.இ. விகிதம். ஒரு பங்குக்கு 20 ரூபாய் லாபம், விலை 1,600 என்றால் விகிதம் 80. அதே தொழிலில் உள்ள மற்ற நிறுவனங்களோடும், அதே நிறுவனத்தின் கடந்த ஐந்தாறு ஆண்டுகளோடும் ஒப்பிடுங்கள். எல்லாவற்றையும்விட உயரத்தில் நின்றால், நீங்கள் கண்டுபிடித்த வயதுக் கதையை மற்றவர்களும் முன்பே கண்டுபிடித்துவிட்டார்கள் என்று பொருள். பட்டியலில் வைத்திருங்கள், வாங்காதீர்கள். கடன் எவ்வளவு, நிறுவனர்கள் தம் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம்.

படி 7: கணக்கு, வரி, வாங்கும் முறை

பான், ஆதார், வங்கிக் கணக்கு இருந்தால் செபியில் பதிவு பெற்ற தரகு நிறுவனத்தில் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் கணக்கு) தொடங்கலாம். நியமனதாரர் (நாமினி) பெயரைக் கட்டாயம் சேருங்கள். பங்கு வாங்கிய மறு வேலைநாளே கணக்கில் வந்துவிடும். வாங்கி ஓராண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு 20 சதவீத வரி. அதற்கு மேல் வைத்திருந்து விற்றால், ஓர் ஆண்டில் 1.25 லட்சம் ரூபாயைத் தாண்டும் லாபத்துக்கு 12.5 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இந்த விகிதங்கள்.

டெல்டாவுக்கே உரிய இரண்டு சிக்கல்கள் உண்டு. சிங்கப்பூருக்கோ துபாய்க்கோ வேலைக்குப் போன மகன், ஊரில் இருந்தபோது தொடங்கிய டீமேட் கணக்கை அப்படியே ஓட்டக் கூடாது. அதை வெளிநாடுவாழ் இந்தியர் கணக்காக மாற்ற வேண்டும். அப்பா பெயரில் கணக்கு வைத்து மகன் அங்கிருந்து வாங்கி விற்பதும் நம் பக்கம் நடக்கிறது. வரி அப்பா தலையில் விழும், வாரிசுரிமைச் சிக்கலும் வரும், வேண்டாம். அடுத்தது, பீரோவில் கிடக்கும் பழைய காகிதப் பங்குச் சான்றிதழ்கள். தாத்தா வாங்கியவை இருந்தால் உடனே தேடி எடுங்கள். தொடர்ந்து ஏழு ஆண்டு ஈவுத்தொகையை யாரும் பெறாவிட்டால், அந்தப் பங்குகள் மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். அங்கிருந்து மீட்கலாம், ஆனால் வாரிசுச் சான்றிதழும் பொறுமையும் வேண்டும்.

பங்குகளுக்கென ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதி, ஒரு சந்தைக் குறியீட்டில் உள்ள எல்லாப் பங்குகளையும் சேர்த்து வாங்கும் குறியீட்டு நிதியத்தில் இருக்கட்டும். வயதுக் கணக்கில் தேர்ந்த நிறுவனங்களுக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்பது என் கருத்து. அதையும் ஒரே நாளில் போடாமல், ஒவ்வொரு காலாண்டு முடிவையும் படித்துவிட்டு நான்கு தவணையாக வாங்குங்கள்.

படி 8: தின வணிகத்தில் இதைக் கலக்காதீர்கள்

வயது ஆண்டுக்கு ஒன்றுதான் கூடும். காலையில் வாங்கி மாலையில் விற்பவருக்கு அதனால் ஒரு துளிப் பயனும் இல்லை. 2024-ல் செபி வெளியிட்ட ஆய்வுகளை ஒவ்வொரு இளைஞரும் படிக்க வேண்டும். 2022-23-ல் தின வணிகம் செய்த தனிநபர்களில் பத்தில் ஏழு பேர் இழந்தார்கள். வணிகம் செய்தவர்களில் 48 சதவீதத்தினர் முப்பது வயதுக்குக் கீழ். அவர்களில் நூற்றுக்கு 76 பேர் இழந்தார்கள். பங்கின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் எதிர்கால, விருப்ப ஒப்பந்தங்களில் (F&O) இன்னும் மோசம்: மூன்று நிதியாண்டுகளில் 93 சதவீதத் தனிநபர்களுக்கு இழப்பு. பாபநாசத்திலும் பட்டுக்கோட்டையிலும் கல்லூரி முடித்த பிள்ளைகள் டெலிகிராம் குழுக்களின் பேச்சை நம்பிக் குடும்பத்தின் நகைக்கடன் பணத்தை இதில் போடுவதைக் கேட்கும்போது மனம் பதைக்கிறது. தெரிந்த பிள்ளை யாராவது இதில் இருந்தால், இந்த எண்களைச் சொல்லித் தடுங்கள்.

வாங்கும் நேரத்தைத் தேர்வதில் மட்டும் வணிகர்களின் ஒரு கருவி உதவும். கடந்த 200 வணிக நாள்களின் சராசரி விலைக்குக் கீழே தொடர்ந்து சரிந்துகொண்டிருக்கும் பங்கில் அவசரப்பட்டு முழுத் தொகையையும் போட வேண்டாம். முதல் தவணையோடு நிறுத்திக் காரணத்தைத் தேடுங்கள்.

படி 9: குறிப்பேடும் மறு கணக்கும்

ஒவ்வொரு பங்குக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, எந்த வயதினரை நம்பி வாங்கினீர்கள், அவர்கள் எந்த மாநிலத்தவர், என்ன பி.இ. விகிதத்தில் வாங்கினீர்கள், எது நடந்தால் விற்பீர்கள் என்று எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை, நிறுவனத்தின் ஆண்டறிக்கை வந்ததும் எடுத்துப் பாருங்கள். நீங்கள் நம்பிய வாடிக்கையாளர்கள் கூடியிருந்தும் லாபம் இரண்டு மூன்று ஆண்டுகளாக வளரவில்லை என்றால், போட்டியோ செலவோ அதைத் தின்கிறது, வெளியேறலாம்.

இந்தக் கட்டுரையில் உள்ள முதியோர் எண்ணிக்கைகள் 2011 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்ட கணிப்புகள். அடுத்த மக்கள் தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாள். மாவட்ட வாரியான வயது அட்டவணைகள் வெளியானதும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எண்களை ஒரு பக்கத்திலும், உங்கள் நிறுவனங்கள் விற்கும் மாநிலங்களின் எண்களை எதிர்ப்பக்கத்திலும் எழுதி, மூன்றாம் படியில் போட்ட 3.5 சதவீதக் கணக்கைப் புதிய எண்களோடு மறுபடி போட்டுப் பாருங்கள்.